மஞ்சள் வைத்த மந்தோ

என் மச்சாள் ஒரு பெரிய கடையில் கோட்டு விற்கிறாள். பாரிஸின் நடுவில் இருக்கும் பழைய கடை அது. கண்ணாடிக் கூரை, பல மாடிகள், பித்தளைக் கைப்பிடி போட்ட படிகள். எங்கள் வீட்டில் அதற்குக் கண்ணாடிக்கடை என்று பெயர். அவள் நிற்பது மூன்றாம் மாடியில், பெண்களுக்கான குளிர்கோட்டுகள் தொங்கும் பக்கத்தில். கறுப்புக் காற்சட்டை, கறுப்பு மேற்சட்டை, நெஞ்சில் பெயர் எழுதிய சின்னத் தகடு. இவ்வளவுதான். ஆனால் அந்தத் தகட்டின் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

எங்கள் சனத்துக்கு அவளுடைய வேலை நன்றாக விளங்குகிறது. "எங்கட அண்ணையின்ரை மகள் கண்ணாடிக்கடையிலை நிக்கிறாள்" என்று அம்மா தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலின் மரக்கறிக் கடையிலும் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலிலும் சொல்லுவார். கேட்ட பெண்கள் ஒரு சனிக்கிழமை பார்த்துக் கிளம்பிப் போய், மின்படியில் ஏறி, அவளைக் கண்டு பேசிவிட்டு வருவார்கள். ஒன்றும் வாங்க மாட்டார்கள். அவள் தங்கள் கழுத்தில் ஒரு சால்வையை எப்படிச் சுற்றிக் காட்டினாள் என்பதை மட்டும் ஒரு மாதம் சொல்லித் திரிவார்கள்.

என்னுடைய வேலையைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. ஒரு காப்புறுதிக் கம்பனியின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்களை வாசித்து, பிழை இருந்தால் அடிக்கோடு போடுகிறேன். அதை அம்மா "கந்தோரிலை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்கிறாள்" என்று சுருக்கிவிடுவார். ஐந்து வருடம் சட்டம் படித்தவளுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், இங்கே ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அம்மா அதற்கும் முதலே நின்றவர். பத்து வயதிலேயே விசா அலுவல் பார்க்கும் பிரிபெக்சரிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். மாமா வீட்டுக் கடிதங்களும் என்னிடம்தான் வரும். மச்சாள் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு படிப்பு போதும் என்று சொன்னபோது, அந்தக் கடைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுத்தவளும் நான்தான். சிறு வயதிலிருந்தே துணிகளின் மேல் தனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு என்று அவள் பேரில் ஒரு வசனம் எழுதினேன். நானாகச் சோடித்த வசனம். நான்கு வருடத்தில் அவள் அதை உண்மையாக்கிவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

எனக்கு வேலை கிடைத்தது சென்ற குளிர்காலத் தொடக்கத்தில். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் லாச்சப்பலில் ஒரு சேலை எடுப்பார்கள். நான் சேலை இல்லை, மந்தோ என்று முடிவு செய்தேன். குளிர்கோட்டை இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் பிரெஞ்சுச் சொல்லால் மந்தோ என்றுதான் சொல்வார்கள். அம்மாவிடம் இருந்தது அப்பாவின் பழைய மந்தோ. அதன் சிப் இழுத்தால் பாதியிலே நின்றுவிடும். அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் புறநகரான கார்ஜ் லே கொனெஸ்ஸில் பஸ்சுக்கு நிற்பார். அலுவலகங்கள் திறக்க முதல் அவற்றைத் துடைத்து முடிக்க வேண்டிய வேலை அவருடையது.

எடுப்பதென்றால் கண்ணாடிக்கடையில்தான் எடுப்பது. அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மலிவான கடையில் எடுத்துக்கொடுத்தால், கண்ணாடிக்கடை மச்சாளுக்கே சொந்தமான இடம்போல ஆகிவிடும். ஆனால் அவளிடம் வாங்குவதிலும் எனக்கு விருப்பமில்லை. அவளுக்குப் புதன்கிழமை ஓய்வுநாள். நான் ஒரு புதன்கிழமை வேலைக்குக் கொன்ஜே, அதாவது லீவு, எடுத்தேன்.

"புதனோ? அப்ப பிள்ளை நிக்காதே" என்றார் அம்மா. மச்சாளைத்தான் அவர் பிள்ளை என்று சொல்வது; அண்ணன் மகள் என்பதால் மருமகள் என்றும் சொல்வார்.

"அவள் நிண்டா என்ன, நிக்காட்டி என்ன? கடை திறந்துதானே கிடக்கும்."

புதன்கிழமை காலையில் பார்த்தால், அம்மா கோயிலுக்குப் போகும் மாம்பழநிறச் சேலையை உடுத்து, அதற்கு மேல் அப்பாவின் மந்தோவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

லாச்சப்பல் சேலைக் கடையில் அம்மா ஒரு அரசி. முக்காலியில் இருத்தி, கடைக்கார அண்ணை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போவார். அம்மா தலையை அசைத்தபடி இருப்பார். முப்பதாவது சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிறகு வாறம் அண்ணை" என்று எழும்புவார். அண்ணையும் கோபப்படாமல் மடிக்கத் தொடங்குவார். கண்ணாடிக்கடையில் அம்மா அதே அரசிபோல மூன்றாம் மாடியில் வந்து நின்றார். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு, யாராவது வந்து காட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வரவில்லை. நாங்களே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு சீமாட்டி சேலையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் நின்றிருந்தால் அம்மா இப்படி நின்றிருக்கமாட்டார் என்ற எண்ணம் வந்தது. உடனே அந்த எண்ணத்தின் மேலும் எரிச்சல் வந்தது.

பிறகு அம்மா நடந்தார். நேராகக் கோட்டுகள் தொங்கும் ஒரு கம்பியடிக்குப் போய், நடுவிலிருந்து கடல்நீல மந்தோ ஒன்றை உருவினார். பஞ்சு வைத்துத் தைத்த, தொப்பியுள்ள, முழங்கால் வரை நீண்டது. அளவுத் துண்டைப் பார்க்கவேயில்லை. போட்டார். சிப்பைக் கழுத்து வரை இழுத்தார். தொப்பியைப் போட்டுப் பார்த்து, எடுத்து, பைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"இது பள்ளிக்கூட வாசலிலை நிக்கிற ஆக்கள் எல்லாம் போடுறதம்மா. சந்தையிலையும் எடுக்கலாம்" என்றேன்.

சந்தையில் அது கிடைக்காது. எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் அப்போது வேறொன்று இருந்தது. பால்தேநீர் நிறத்தில், சுத்தமான கம்பளியில், அகலமான கழுத்துப்பட்டியோடு ஒரு மந்தோ. எங்கள் கந்தோரில் என் மேலதிகாரியான பெண் அதைப் போல ஒன்றைத்தான் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அதில் அம்மாவைப் பார்த்தால் யாரும் அவரைத் துடைக்கிற வேலைக்குப் போகிறவர் என்று சொல்லமாட்டார்கள்.

அம்மா போட்டுப் பார்த்தார். கழுவலாமோ என்று கேட்டார். கழுவுகிற கடையில் கொடுக்க வேண்டும் என்றேன். தொப்பி இல்லையே என்றார். குடை இருக்கிறது என்றேன். விற்கிற பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, நான் படித்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டிக் கம்பளியின் தரத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டேன். அம்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அந்தப் பெண், மதாமுக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது என்று சொன்னாள்.

"தோள் இறுக்கிப் பிடிக்குதோ அம்மா?"

"இல்லை, காணும், இது போதும். உனக்குப் பிடிச்சிருக்கெல்லே" என்றார் அம்மா. நீலத்தை மறுபடியும் கம்பியில் கொண்டுபோய் மாட்டும்போது, அதன் தோளை நேராக இழுத்துவிட்டு வந்தார்.

கடையின் பெயர் எழுதிய பெரிய கடதாசிப் பையை, எழுத்து வெளியே தெரியும்படி, கார் து நோர் நிலையத்திலிருந்து கார்ஜ் வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தெரிந்த முகம் ஒன்றாவது ஏறும் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கதவைப் பார்த்தேன். ஒருவரும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்தார். புது உடுப்பென்றால் போடுவதற்கு முதல் ஒரு மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, கழுத்துப்பட்டிக்கு உள்ளே, தேன்நிற உள்துணியில் விரல் நுனியால் தொட்டு வைத்தார். அந்தப் பொட்டைப் பார்த்தபோது எனக்கு வெற்றி பெற்றதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கமாக மந்தோவை வாசலில் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அன்று நான் கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். நாலு பேர் பார்க்கட்டுமே. பிள்ளையாருக்கு முன்னால் வந்து அம்மா நெற்றியில் குட்டிக் கும்பிட்டார். பிறகு தோப்புக்கரணம் போடக் கைகளைக் குறுக்காக மடக்கிக் காதைப் பிடிக்கப் போனார். வலக்கை இடக்காதுக்கு எட்டவில்லை. கம்பளி முதுகில் இறுகி, முழங்கை பாதியில் நின்றுவிட்டது. மறுகையையும் முயன்றார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தவராக, கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கிக்கொண்டு, காதைப் பிடிக்காமலே மூன்று தரம் இருந்து எழும்பினார்.

நான் கவனித்தேன்.

அதன் பிறகு அந்த மந்தோ பிளாஸ்டிக் உறைக்குள் போய் அலுமாரியில் தொங்கியது. குளிர் இன்னும் வரவில்லை என்றார் அம்மா. பஸ் கண்ணாடியில் பனி கெட்டியாகப் படிந்த கிழமையிலும் குளிர் வரவில்லை என்றுதான் சொன்னார். அப்பாவின் மந்தோவைப் போட்டு, பாதியில் நின்ற சிப்புக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு போனார். ஒருநாள் வேளைக்கே எழும்பிப் பல்லுத் தேய்த்துக்கொண்டே யன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பில் தோள்களைக் காதுவரை உயர்த்திக்கொண்டு நின்றார். நான் எடுத்துக்கொடுத்ததை அம்மா குளிரில்கூடப் போடவில்லை. இதைவிட எளிதாக யாரும் எனக்குத் தோல்வியைச் சொல்லியிருக்க முடியாது.

மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அம்மா அதன் விலைத்துண்டைக்கூடக் கழற்றவில்லை, உட்பைக்குள் செருகி வைத்திருந்தார். மஞ்சள்தான் தடை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் அதை எடுத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது சமையலறையில் ஒருநாள் நின்றிருந்தாலே தெரிந்திருக்கும். என்னைப் படிக்கச் சொல்லி அம்மா ஒருநாளும் சமையலறைக்குள் விடவில்லை. கடலைப்பருப்பு அளவிலிருந்த மஞ்சள் பொட்டு, உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் பரந்துவிட்டது.

இனி அவளிடம்தான் போக வேண்டும்.

வேலை முடிந்து மாலையில் போனேன். மச்சாள் ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்ணுக்குக் கோட்டுப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். கைகளைக் குறுக்காகக் கட்டித் தன்னையே கட்டிப்பிடிக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணும் சொன்னபடி கட்டிப்பிடித்தாள். மச்சாள் பின்னால் நின்று முதுகுத் தையலை இரண்டு விரலால் தடவிவிட்டு, இதற்கு அடுத்த அளவுதான் சரி என்றாள். என்னைக் கண்டதும் பொறு என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். நான் காத்திருந்தேன். ஐந்து வருடம் சட்டம் படித்துவிட்டு, ஒரு விரலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

வந்தவள் பையைத் திறந்து பார்த்தாள். "மாமிக்குத் தோள் பிடிக்குதெல்லே" என்றாள். நான் வாயே திறந்திருக்கவில்லை.

கழுத்துப்பட்டியை மடித்து உள்ளே பார்த்தாள். "சவர்க்காரம் போட்டனியோ?"

"ஓம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "இதை மாத்த ஏலாதடி. நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்."

பிடிக்கவில்லை என்பதற்காக வாங்கிய பொருளை மாற்றிக் கொடுக்கக் கடைக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. அதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆகவே கோட்டைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனேன்.

"போடு" என்றாள்.

"என்ன?"

"நீ ஒருக்காப் போட்டுப் பார்."

போட்டேன். கையைக் குறுக்கே கட்டச் சொன்னாள். கட்டினேன். இரண்டு கையும் தோளின் பின்பக்கம் வரை வழுக்கிக்கொண்டு போயின. அவள் முதுகுத் தையலைத் தடவினாள். கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். அந்தக் கோட்டில் நான் என் மேலதிகாரியைப் போலவே இருந்தேன்.

"உன்ரை அளவு. நீ உனக்கெல்லே எடுத்திருக்கிறாய்" என்றாள் மச்சாள். கோபமாகச் சொல்லவில்லை, தோள் அகலத்தைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

கழற்றப் போனேன். அவள் விடாமல் கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டே கேட்டாள். "மாமி அந்த நீலத்தைக் கேக்கேல்லையோ? தொப்பி வைச்சது."

போட்டுப் பார்த்தார் என்றேன்.

"அவ நீங்கள் வாறதுக்கு முதலே இஞ்சை வந்து போட்டுப் பாத்தவ. வேலை முடிஞ்சு நேரா வந்தவ. வேலையாக்களுக்கு எங்களுக்குக் குறைச்சுத் தருவினம், நான் எடுத்துத் தாறன் மாமி எண்டனான். வேண்டாமாம். மகளுக்கு வேலை கிடைச்சிட்டுது, அவள் வந்து எடுத்துத் தரட்டும் எண்டவ. அந்த அளவிலை ஒண்டை நடுவிலை மறைச்சு மாட்டி வைச்சனான், விக்காமல்."

அளவுத் துண்டைப் பார்க்காமல் அம்மா அதை ஏன் உருவினார் என்பது அப்போதுதான் விளங்கியது. நடுவிலிருந்து. நேராகப் போய்.

"நீ சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்று முடித்தாள். புதன்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதை எழுதும்போது, அன்றோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தீரவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது அது கூடித்தான் இருந்தது. அம்மா எனக்காகக் காத்திருந்தார், சரி. ஆனால் காத்திருப்பதை அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கக்கூடிய ஆளாக இருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

அம்மாவிடம் சனிக்கிழமை போவோம் என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. மாம்பழநிறச் சேலை மறுபடியும் வெளியே வந்தது.

மச்சாள் மின்படியின் தலையிலேயே நின்று அம்மாவின் கையைப் பிடித்தாள். நீல மந்தோ தயாராக இருந்தது. போட்டுவிட்டு, சிப்பை இழுத்து, இரண்டு அடி பின்னால் போனாள்.

"மாமி, பிள்ளையாருக்குப் போடுற மாதிரி ஒருக்காப் போடுங்கோ பாப்பம்."

அம்மா சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கைகளைக் குறுக்கே மடக்கினார். இரண்டு கையும் இரண்டு காதையும் பிடித்தன. அப்படியே இருந்து எழும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடிக் கூரைக்குக் கீழே, பித்தளைக் கைப்பிடிகளுக்குப் பக்கத்தில், என் அம்மா தோப்புக்கரணம் போட்டார். அடுத்து நின்ற ஒரு பிரெஞ்சுப் பெண், கோட்டை இப்படித்தான் பார்க்க வேண்டும் போல என்று எண்ணியோ என்னவோ, தன் கைகளையும் குறுக்கே மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"காணுமோடி?" என்று கேட்டார் அம்மா, மூச்சு வாங்கச் சிரித்தபடி.

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. மச்சாள் வாய் திறக்க முதல் நான் "காணும் அம்மா" என்றேன். போய் விலையைக் கொடுத்தேன். அவள் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னதை ஏற்கவில்லை. அதை மட்டுமாவது என்னால் செய்ய முடிந்தது.

பால்தேநீர் நிறக் கோட்டு இப்போது என்னுடையது. கந்தோரில் கொழுவியில் மாட்டும்போது கழுத்துப்பட்டி சுவர்ப் பக்கம் இருக்கும்படி மாட்டுவேன். செங்கல் நிறம் நாள் போகப் போக வெளிறி, பழைய மஞ்சளுக்கே திரும்பிவிட்டது. பொட்டாக இருந்தது, இப்போது ஒரு தேசப்படம்போல இருக்கிறது.

நீல மந்தோவுக்கும் அம்மா மஞ்சள் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அதைக் கழற்றாமலே உள்ளே வந்தார். நான் சொல்லவில்லை. கும்பிட்டு முடித்து வெளியே வந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கையில், சனிக்கிழமைகளில் மச்சாளைப் பார்க்கக் கண்ணாடிக்கடைக்குப் போகிற பெண்களில் ஒருத்தி அம்மாவின் கையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வடிவா இருக்கு. ஆர் எடுத்துத் தந்தது?"

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

"மகள் எடுத்துத் தந்தவள்" என்றார் அம்மா. ஒரு மூச்சு விட்டு, "மருமகள் அளவு பாத்தவள்" என்றார்.

என்னைத்தான் முதலில் சொன்னார். அந்த ஒரு மூச்சின் தூரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.